இருபதுக்குப் பதினெட்டு: ஒரு தடுப்பூசி உரையாடல் தேர்வு குறித்த நிகழ்வு ஆய்வு

எட்டு நிமிட மணி அடித்தது. பயிற்சி மருத்துவர் எழுந்து நன்றி சொன்னார், நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினார், வெளியே போனார். தேர்வாளரின் படிவத்தில் 20க்கு 18. அன்று காலை வந்தவர்களில் அதுதான் மிக அதிக மதிப்பெண். அம்மாவாக நடித்தவரிடம் ஒரு சின்ன அட்டை உண்டு. ஒவ்வொரு பயிற்சியாளரும் போன பிறகு அதில் ஒன்றிரண்டு வரி எழுதச் சொல்லியிருந்தோம். அவர் எழுதியிருந்தது: "இன்றைக்கு ஊசி போட மாட்டேன். இவரிடம் இன்னொரு முறை கேட்கவும் மாட்டேன்."

அந்த அட்டை மதிப்பெண்ணில் சேராது. அதனால் அன்று பகல் முழுக்க யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாலையில் தாள்களை அடுக்கும்போதுதான் இரண்டும் என் கையில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. தேர்வில் முதலிடம் பிடித்தவரை நம்பிக் குழந்தையைக் கொடுக்க அந்த அம்மா தயாராக இல்லை. அப்படியென்றால் நாங்கள் எதை அளந்துகொண்டிருந்தோம்? இந்தக் கேள்விதான் அடுத்த சில மாதங்கள் எங்களை விடாமல் துரத்தியது.

தேர்வு அமைந்திருந்த விதம்

பயிற்சி மருத்துவர்களுக்கும் செவிலியர் மாணவர்களுக்கும் சேர்த்து நடத்திய ஓஸ்கி (OSCE, மருத்துவத் திறனைச் செய்து காட்டும்) தேர்வில் இது ஒரு ஸ்டேஷன். இந்தத் தேர்வு முறையை ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் 1975இல் விவரித்தார். மாணவர்கள் ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் சுற்றி வருவார்கள். எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே நேரம், ஒரே படிவம். நடிப்பு நோயாளி என்ற ஏற்பாடு அதற்கும் பழையது. நலமாக இருக்கும் ஒருவருக்கு நோயாளியாக நடிக்கக் கற்றுக்கொடுத்து, அவரை வைத்து மாணவர்களைச் சோதிக்கும் வழக்கத்தை 1963இல் தொடங்கியவர் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர். இரண்டும் நல்ல கருவிகள், காலத்தால் சோதிக்கப்பட்டவை. எங்கள் குறை கருவியில் இல்லை, அதில் நாங்கள் எழுதி வைத்த வரிகளில் இருந்தது.

எங்கள் ஸ்டேஷனில் ஒரு வயதுக் குழந்தையின் அம்மா எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா) ஊசிக்கு வந்திருக்கிறார். நடிப்பவருக்குக் கொடுத்த கதையில் மூன்று அடுக்குகள். முதல் அடுக்கு எல்லோருக்கும் கிடைக்கும்: "இன்னைக்கு வேண்டாங்க, கொஞ்ச நாள் தள்ளிப் போடலாமா?" காரணத்தைத் திறந்த மனதோடு கேட்டால் இரண்டாவது வரும்: அக்கா மகனுக்கு ஊசிக்கு ஒரு வாரம் கழித்துக் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. அதைப் பொறுமையாகக் கேட்டால் மூன்றாவது: அன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியது இவர்தான்; இப்போது ராத்திரிகளில் இவரும் குழந்தையும் மட்டும்தான் வீட்டில்.

படிவத்தில் 20 வரிகள். அவற்றில் 14, பயிற்சியாளர் சொல்ல வேண்டிய தகவல்கள்: நோய், ஊசி, டோஸ், பக்கவிளைவு, யாருக்குப் போடக்கூடாது, அடுத்த தேதி. மீதி 6 'பேச்சுத்திறன்': வணக்கம் சொன்னாரா, பெயர் சொன்னாரா, முகம் பார்த்துப் பேசினாரா, புரியாத மருத்துவச் சொற்களைத் தவிர்த்தாரா, வேறு கேள்வி உண்டா என்று கேட்டாரா, நன்றி சொன்னாரா. இதை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். அப்போது நிறைவாகத்தான் தோன்றியது.

மூன்று பேர், மூன்று அட்டைகள்

18 வாங்கியவரின் வீடியோவை இரண்டாம் முறை ஓட்டினேன். அம்மா "தள்ளிப் போடலாமா?" என்று கேட்ட அடுத்த நொடியே பயிற்சியாளர் ஆரம்பித்துவிட்டார்.

"ஆட்டிசம் வரும்னு எங்கேயாவது படிச்சீங்களாம்மா? அது தப்பான தகவல்."

பிறகு வந்தது அருமையான விரிவுரை. எம்எம்ஆர் ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த கட்டுரை, அதில் இருந்தது வெறும் 12 குழந்தைகள், 2010இல் இதழே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அதற்குப் பிறகு லட்சக்கணக்கான குழந்தைகளைப் பார்த்தும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. ஒரு டோஸ் போட்டால் தட்டம்மைக்கு எதிராகச் சுமார் 93 சதவீதம் பாதுகாப்பு, இரண்டு போட்டால் 97. ஒரு சொல்கூடத் தவறில்லை. தேர்வாளர் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே போனது படிவத்தில் தெரிகிறது.

ஆனால் அந்த அம்மா ஆட்டிசம் என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. அவர் கதையில் அது இல்லவே இல்லை. இல்லாத பயத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது இருக்கிற பயம் எதிரே வாய் திறக்கக் காத்திருந்தது.

இரண்டாமவர் செவிலியர் மாணவர். அவருக்கு 11 மதிப்பெண். யாருக்குப் போடக்கூடாது என்பதைச் சொல்லவில்லை, அடுத்த டோஸ் தேதியை மறந்தார், கடைசியில் நன்றியும் சொல்லவில்லை. அதே கேள்வி அவரிடம் வந்தபோது நடந்தது இது:

"எதை நினைச்சும்மா தயங்குறீங்க?"

கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். வீடியோவில் அந்த மௌனம் நான்கு நொடி. பார்ப்பவருக்கே சங்கடமாக இருக்கும் நான்கு நொடி.

"என் அக்கா பையனுக்கு ஊசி போட்டு ஒரு வாரம் இருக்கும்... காய்ச்சல் வந்து கை கால் எல்லாம் இழுத்துச்சு."

"நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"நான்தான் தூக்கிட்டு ஓடினேன்."

"அதைக் கண்ணால பாத்துட்டு உங்க பிள்ளையை இங்க தூக்கிட்டு வந்திருக்கீங்க."

இதற்குப் பிறகுதான் மூன்றாவது அடுக்கு வெளியே வந்தது. "ராத்திரி நானும் இவனும் மட்டும்தாங்க இருப்போம். அப்ப வந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?" அந்த மாணவருக்குக் கணக்கு தெரியவில்லை. அதை மறைக்கவும் இல்லை: "எத்தனை பேர்ல ஒருத்தருக்கு அப்படி வரும்னு எனக்கு இப்ப சரியாத் தெரியலம்மா. தப்பாச் சொல்லக்கூடாது, கேட்டுட்டு வந்து சொல்றேன். தட்டம்மை வந்தா அது இதைவிடப் பெரிய ஆபத்து. இன்னைக்கே போட்டுக்கிறதுதான் நல்லதுன்னு நான் சொல்வேன்." அட்டையில் அம்மா எழுதியது: "போட்டுக்கொள்வேன், அந்தக் கணக்கைக் கேட்டுச் சொன்னால்."

இங்கேயே கதையை முடித்திருந்தால், அன்பு இருந்தால் போதும், அறிவு இரண்டாம்பட்சம் என்று நாங்களும் ஏமாந்திருப்போம். மூன்றாமவர் எங்களைக் காப்பாற்றினார். 13 மதிப்பெண். இதமான குரல், நல்ல கவனிப்பு, மூன்று அடுக்குகளும் வெளியே வந்தன. அட்டையில் அம்மா மனமாரப் பாராட்டியிருந்தார். ஆனால் அந்த உரையாடலில் பயிற்சியாளர் சொன்ன ஒரு வாக்கியம்: "உங்களுக்கு மனசு சரியில்லைன்னா ஆறு மாசம் கழிச்சுக்கூடப் போடலாம்மா, ஒண்ணும் ஆகாது." ஒரு வயதுக் குழந்தைக்கு இது தவறான அறிவுரை. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தட்டம்மையின் சிக்கல்கள் அதிகம். நோய் வந்த குழந்தைகளில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கு நிமோனியா, 1000 பேரில் ஒருவருக்கு மூளை அழற்சி. எங்கள் படிவத்தில் சரியானதைச் சொன்னால் டிக் உண்டு. தவறானதைச் சொன்னால் கழிக்க இடமே இல்லை. அட்டையை மட்டும் நம்பியிருந்தால் அன்றைய சிறந்த பயிற்சியாளர் இவர்தான்.

தேர்வுக்கு முன் எல்லோரிடமும் தன்னம்பிக்கை பற்றி ஒரு கேள்வித்தாள் வாங்கியிருந்தோம். தடுப்பூசி பற்றித் தயங்கும் பெற்றோரிடம் பேச உங்களால் முடியுமா, ஒன்று முதல் ஐந்துக்குள் குறியுங்கள் என்ற வகை. முதலாமவரும் மூன்றாமவரும் 5 போட்டிருந்தார்கள், இரண்டாமவர் 2. பயிற்சிக்கு முன்னும் பின்னும் இந்த எண்ணை வாங்கி, ஏறியிருந்தால் பயிற்சி வெற்றி என்று எழுதுவது எங்கும் நடக்கிறது. மருத்துவர்களின் சுயமதிப்பீடு வெளியிலிருந்து அளக்கும் திறனோடு பெரும்பாலும் பொருந்துவதில்லை, திறன் குறைந்தவர்களிடமும் அதிக நம்பிக்கை உள்ளவர்களிடமும் அந்த முரண் மிக மோசம் என்று 2006இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு சொன்னது. கேள்வித்தாளை நாங்கள் தூக்கி எறியவில்லை. யாரோடு முதலில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று அது காட்டுகிறது. திறனுக்கான அளவாக மட்டும் அதை இனி எழுதுவதில்லை.

செக்லிஸ்ட் ஏன் ஏமாற்றியது

இது எங்கள் தனிப்பட்ட அனுபவம் என்று நினைத்திருந்தேன். 1999இலேயே ஹாட்ஜஸும் அவர் குழுவும் இதை எழுதிவிட்டார்கள்: ஓஸ்கி செக்லிஸ்ட்டில் அனுபவசாலிகள் இளையவர்களைவிட அதிகம் வாங்குவதில்லை, ஒட்டுமொத்த மதிப்பீடு கேட்டால் வாங்குகிறார்கள். அனுபவம் உள்ளவர் எல்லாவற்றையும் கேட்பதில்லை, எல்லாவற்றையும் சொல்வதுமில்லை. எதிரில் இருப்பவருக்கு வேண்டியது எது என்று கண்டுபிடித்து அங்கே போகிறார். அந்தப் பாதையில் டிக் அடிக்கும் பெட்டிகள் குறைவு.

செக்லிஸ்ட் இன்னொரு கெடுதலும் செய்கிறது. மாணவர்கள் படிவத்தை மோப்பம் பிடித்துவிடுவார்கள். 14 மதிப்பெண் தகவலுக்கு என்றால் எட்டு நிமிடத்தில் 14 தகவலையும் கொட்டத்தான் செய்வார்கள். முதலாமவர் அந்த எட்டு நிமிடத்தில் ஆறரை நிமிடத்துக்கு மேல் தானே பேசினார். குற்றம் அவருடையது அல்ல. நாங்கள் எதற்குப் பணம் கொடுத்தோமோ அதைத்தான் அவர் விற்றார்.

1984இல் பெக்மனும் ஃபிராங்கலும் 74 மருத்துவ உரையாடல்களின் ஒலிப்பதிவை ஆராய்ந்தார்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடியில் மருத்துவர் குறுக்கிட்டார். தன் முதல் பேச்சை முடிக்க வாய்த்தது நான்கில் ஒருவருக்குக்கூட இல்லை. கடிகாரத்தை வைத்து எங்கள் வீடியோக்களைப் பார்த்தோம். 18 நொடி எங்களுக்குத் தாராளமாகத் தெரிந்தது.

'ஆ'வும் 'ஆனா'வும்

பேச்சை அளக்க ஏற்கெனவே உள்ள கருவிகளில் நாங்கள் முதலில் பார்த்தது, ஊக்க நேர்காணல் (மாறுவதற்கான காரணத்தை எதிரில் இருப்பவரே சொல்லவைக்கும் பேச்சு) முறைக்கான குறியீட்டு முறை. வில்லியம் மில்லர் 1983இல் மதுப்பழக்கச் சிகிச்சையில் தொடங்கி, ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்த முறை இது. தடுப்பூசிக்கு இதைக் கொண்டுவந்து பிரசவ வார்டிலேயே தாய்மாரிடம் பேசிப் பார்த்தது கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஆர்னோ கான்யரின் குழு. குறியீட்டு முறையில் பேச்சை வாக்கியம் வாக்கியமாக வெட்டி, இது கேள்வி, இது பிரதிபலிப்பு, இது தகவல், இது மோதல் என்று எண்ணுவார்கள். எதிரில் இருப்பவர் சொன்னதைப் புரிந்துகொண்டு அவரிடமே திருப்பிச் சொல்வதுதான் பிரதிபலிப்பு. ஒரு கேள்விக்கு ஒரு பிரதிபலிப்பாவது இருந்தால் ஓரளவு தேறும், இரண்டு இருந்தால் நன்று என்பது அந்த முறையின் அளவுகோல்.

நானும் சக ஆசிரியர் ஒருவரும் ஒரே வீடியோவைத் தனித்தனியே எண்ணினோம். அவர் எண்ணிக்கையும் என் எண்ணிக்கையும் வேறு வேறு ஊரில் இருந்தன. இரண்டு பேர் ஒத்துப்போவதில் குருட்டாம்போக்கில் நேர்வது எவ்வளவு என்று கழித்துச் சொல்லும் கப்பா என்ற கணக்கை ஜேக்கப் கோஹன் 1960இல் கொடுத்தார். அதைப் போட்டுப் பார்த்ததும் வெட்கமாக இருந்தது. யார் சரி என்று சண்டை போடாமல் முரண்பட்ட வாக்கியங்களை மட்டும் வெட்டி எடுத்து மேசையில் வைத்தோம். அங்கேதான் தமிழ் எங்களுக்குப் பாடம் எடுத்தது.

"மறுபடி அப்படி ஆயிடுமோன்னு பயமா இருக்கு." இது பிரதிபலிப்பு. "மறுபடி அப்படி ஆயிடுமோன்னு பயமா இருக்கா?" இது கேள்வி. எழுத்தில் வித்தியாசம் ஒரு 'ஆ'. பேச்சில் அந்த 'ஆ' பல நேரம் பாதி விழுங்கப்பட்டு வருகிறது, குரல் மேலே போகாமல் கீழே இறங்குகிறது. "பயமா இருக்குல்ல" என்று ஒன்று வந்தால் அது இரண்டுக்கும் நடுவில். என் சக ஆசிரியர் 'ஆ' இருந்தாலே கேள்வி என்று எண்ணியிருந்தார். நான் குரலைப் பார்த்து எண்ணியிருந்தேன். கடைசியில் எழுத்தையும் விட்டோம், குரலையும் விட்டோம். அம்மா சொல்லாத புதுச் செய்தியைக் கேட்கிறாரா, சொன்னதையே புரிந்து திருப்பித் தருகிறாரா என்று பார்த்துக் குறிப்பது என்று விதி எழுதினோம்.

இன்னொரு தகராறு "புரியுது" என்ற சொல்லில். "உங்க கவலை புரியுதும்மா, ஆனா..." என்று தொடங்கும் வாக்கியங்கள் வீடியோக்களில் குவிந்து கிடந்தன. நான் அவற்றுக்குப் பரிவு என்று குறி போட்டிருந்தேன். நடிப்பவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "ஆனா வந்ததும் முன்னாடி சொன்னது எனக்குக் காதுல விழலைங்க" என்றார். என்ன கவலை என்று சொல்லாமல் "புரியுது" மட்டும் வந்தால் அது பரிவாகாது என்று அன்றே விதி எழுதினோம். "நீங்க படிச்சவங்கதானே" என்ற வாக்கியம் எந்தக் குரலில் வந்தாலும் மோதல். அதைச் சொன்ன எல்லா வீடியோவிலும் அம்மாவின் முகம் அதே இடத்தில் மூடிக்கொண்டது.

விதிகள் இரண்டு பக்கத்துக்கு வந்த பிறகு புதிய வீடியோக்களை எடுத்து எண்ணினோம். ஒத்துப்போகும் அளவு கூடியது. மதிப்பீட்டாளர்களுக்குப் பயிற்சி தராமல் பயிற்சியாளர்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த அத்தனை ஆண்டுகளை நினைத்தால் இப்போதும் மனது உறுத்துகிறது.

நடிப்பவர் பக்கத்திலும் ஓட்டை இருந்தது. காலையில் மூன்றாவது அடுக்கை வெளியே எடுக்க நல்ல கேள்வி தேவைப்பட்டது. மதியத்துக்குள் அவர் களைத்துவிட்டார், யாராவது லேசாகச் சிரித்தாலே கொட்டிவிட்டார். பிற்பகலில் வந்தவர்களுக்குத் தேர்வு எளிதாகிவிட்டது. இப்போது ஆறு பேருக்கு ஒருமுறை ஆள் மாற்றுகிறோம். எந்த வகை வாக்கியத்துக்கு எந்த அடுக்கு திறக்கும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

எதற்கு மதிப்பெண்

புதுப் படிவத்தின் நெஞ்சு ஒரே கேள்வி: தயக்கம் வெளிப்பட்ட பிறகு பயிற்சியாளரின் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் எது? அந்த வாக்கியத்தை அப்படியே எழுத வேண்டும், சுருக்கக்கூடாது. மறுப்போ மிரட்டலோ என்றால் 0, நேராகத் தகவலுக்குப் போனால் 1, காரணம் கேட்டால் 2, கேட்டுவிட்டோ பிரதிபலித்துவிட்டோ பதிலுக்குக் காத்திருந்தால் 3. அதன்பின் மூன்று கேள்விகள். சொன்ன தகவல் அந்த அம்மாவின் பயத்துக்குப் பொருந்தியதா? சொன்னதில் தவறு உண்டா? தன் பரிந்துரையைத் தெளிவாகச் சொன்னாரா? தவறான, குழந்தைக்கு ஆபத்தான அறிவுரை ஒன்று வந்தாலும் மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தேர்ச்சி கிடையாது. மூன்றாமவரை மனதில் வைத்து எழுதிய வரி அது.

குழுவில் பெரிய வாக்குவாதம் தொடக்க வாக்கியத்தைப் பற்றி. "இன்னைக்கு குழந்தைக்கு எம்எம்ஆர் ஊசி போடுற நாள்மா" என்று தொடங்குவதா, "ஊசி போடலாமா, என்ன நினைக்கிறீங்க?" என்று தொடங்குவதா? கேட்பதுதான் மரியாதை என்றார் ஒருவர், நானும் அவர் பக்கமே இருந்தேன். அமெரிக்காவில் டக்ளஸ் ஓபெல் குழு 111 தடுப்பூசி உரையாடல்களை வீடியோவில் பதிந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரிச் சொன்னது. போடுவதாக எடுத்துக்கொண்டு தொடங்கியபோது எதிர்த்தவர்களைவிட, கேள்வியாகத் தொடங்கியபோது எதிர்த்த பெற்றோர் மிக அதிகம். பெற்றோர் எதிர்த்த பிறகும் மருத்துவர் தன் பரிந்துரையைக் கைவிடாமல் தொடர்ந்தபோது, முதலில் எதிர்த்தவர்களில் 47 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். வட கரோலினாவில் 30 கிளினிக்குகளில் நோயல் பிரூவர் குழு நடத்தி 2017இல் வெளியிட்ட சோதனையில், அறிவித்துத் தொடங்கப் பயிற்சி பெற்ற கிளினிக்குகளில் 11, 12 வயதினரின் எச்பிவி (கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸுக்கு எதிரான) தடுப்பூசித் தொடக்கம் 5.4 சதவீதப் புள்ளிகள் கூடியது. உரையாடலாகத் தொடங்கப் பயிற்சி பெற்றவற்றில் கூடவில்லை.

என்னை உண்மையில் உலுக்கியது ஓபெல் குழுவின் 2015 கட்டுரை. கேள்வியாகத் தொடங்கிய சந்திப்புகளில் ஊசிக்கு ஒப்புதல் குறைவு. ஆனால் அதே சந்திப்புகளைத்தான் பெற்றோர் மிக நல்ல அனுபவம் என்று மதிப்பிட்டார்கள். திருப்தியும் விளைவும் எதிரெதிர்த் திசையில் போன இடம் அது. எங்கள் மூன்றாமவரின் அட்டைக்கு வேறு விளக்கம் தேவையில்லை. அறிவித்துத் தொடங்குவது, தயக்கம் வந்தால் அந்த நொடியே நிறுத்திக் கேட்பது, கேட்ட பிறகு பரிந்துரையைத் தளர்த்தாமல் சொல்வது என்று முடிவுசெய்தோம். படிவம் அந்த வரிசையைத்தான் பார்க்கிறது.

முதலாமவரின் லான்செட் விரிவுரை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2014இல் பிரெண்டன் நைஹன் குழு 1759 பெற்றோரிடம் செய்த சோதனையில், ஆட்டிசக் கதையைத் திருத்தும் தகவல் அந்தத் தவறான நம்பிக்கையைக் குறைத்தது. ஆனால் தடுப்பூசி மேல் ஏற்கெனவே மிகவும் அதிருப்தி கொண்டவர்களிடம் அடுத்த குழந்தைக்குப் போடும் எண்ணத்தையும் குறைத்தது. இத்தகைய எதிர்விளைவு எங்கும் நடப்பதில்லை, பின்னால் வந்த ஆய்வுகள் பலவற்றில் அது தென்படவில்லை. அதனால் தகவல் சொல்லாதீர்கள் என்று நாங்கள் கற்பிப்பதில்லை. தகவலால் நம்பிக்கை மாறலாம், கை நீளுமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே பெட்டியில் டிக் அடிக்க முடியாது.

அட்டையையும் மாற்றினோம். "இன்று போட்டுக்கொள்வீர்களா?" என்ற பதில் இப்போதும் பதிவாகிறது, ஆனால் மதிப்பெண்ணில் சேராது, இன்னொருவரின் முடிவுக்காகப் பயிற்சியாளருக்கு மதிப்பெண் தருவது நியாயமில்லை. சேர்வது மூன்று: என் பயத்தை முழுக்கச் சொல்ல இடம் கிடைத்ததா, இவர் என்ன செய்யச் சொல்கிறார் என்று புரிந்ததா, மறுபடி சந்தேகம் வந்தால் இவரிடம் வருவேனா.

மறு தேர்வு

முதலாமவரிடம் அவர் மதிப்பெண்ணை மாற்றப்போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பழைய படிவத்தில் அவர் வாங்கியது அவருடையது. பிறகு வீடியோவைப் போட்டு ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, அம்மா பேசியதை மட்டும் எழுதச் சொன்னேன். தன் பேச்சு வரும் இடங்களில் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும்.

எட்டு நிமிட வீடியோவுக்கு அவர் தாளில் ஏழு வரிகள். ஐந்தாவது வரி எழுதும்போது கை நின்றது. பின்னுக்கு ஓட்டச் சொன்னார். மறுபடி கேட்டார்.

"மேடம், இவங்க 'என் அக்கா பையனுக்கு'ன்னு மூணு தடவை ஆரம்பிச்சிருக்காங்க."

"ஆமா."

"மூணு தடவையும் நான் பேசிட்டு இருந்திருக்கேன்."

அதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இருக்கவில்லை. தாளை மடித்து அவரே எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டாமவருக்கு வேறு வீட்டுப்பாடம்: வலிப்புக் கணக்கு. எம்எம்ஆர் ஊசிக்குப் பின் காய்ச்சல் வலிப்பு ஏறத்தாழ 3000 முதல் 4000 டோஸுக்கு ஒன்று, பெரும்பாலும் ஊசி போட்ட 6 முதல் 14 நாட்களுக்குள். ஊசியே போடாவிட்டாலும் ஐந்து வயதுக்குள் 100 குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்கு ஏதோ ஒரு காய்ச்சலில் வலிப்பு வருவது உண்டு. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் நிரந்தரப் பாதிப்பு எதையும் விட்டுப்போவதில்லை. வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக்கூடாது, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே அவசர உதவி. ராத்திரி தனியாக இருக்கும் அம்மாவுக்கு இந்தக் கடைசி வரிதான் வேண்டியிருந்தது. அது தெரியாமல் பரிவு மட்டும் வைத்துக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது.

மறு தேர்வில் கதைகளை மாற்றினோம். ஒரு கதையில் நன்றாகச் செய்பவர் அடுத்த கதையிலும் அப்படியே செய்வார் என்று சொல்ல முடியாது. தேர்வு நடத்தும் எவரும் அறிந்த தொல்லை இது; பல ஸ்டேஷன் இல்லாமல் ஒருவரைப் பற்றித் தீர்ப்பு எழுதக்கூடாது. புதுக்கதை ஒன்றில் முதியவர் ஒருவர் ஃப்ளூ ஊசியை மறுக்கிறார்: "போன தடவை போட்டும் காய்ச்சல் வந்துச்சே." முதலாமவர் கேட்டார், காத்திருந்தார், ஆனால் காத்திருப்பது கணக்குப் பார்ப்பது போலத் தெரிந்தது, முதியவர் நடுவே "என்னம்மா, ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?" என்றுகூடக் கேட்டுவிட்டார். படிவத்தில் 3 விழுந்தது. அந்த 3 இரண்டாமவரின் பழைய நான்கு நொடிக்கு ஈடில்லை என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அதனால் படிவத்தின் கடைசியில், மதிப்பீட்டாளர் தன் மனதுக்குப் பட்டதை ஒட்டுமொத்தமாக ஒன்று முதல் ஐந்துக்குள் குறிக்கும் இடத்தைச் சேர்த்தோம். எண்ணிக்கையும் அந்தக் குறியும் வெகுவாக விலகினால் அந்த வீடியோவை இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும்.

உண்மையான அறையில்

ஜார்ஜ் மில்லர் 1990இல் மருத்துவத் திறனை நான்கு படியாக அடுக்கினார்: அறிதல், எப்படி என்று அறிதல், செய்து காட்டுதல், செய்தல். ஓஸ்கி மூன்றாம் படியில் நின்றுவிடுகிறது. நான்காம் படியை அளக்கப் பலர் எடுக்கும் எண் ஊசி போட்டவர்களின் விகிதம். எனக்கு அதில் தயக்கம் உண்டு. அன்று மருந்து இருப்பு இருந்ததா, அம்மாவுக்கு வேலையில் விடுப்பு கிடைத்ததா, வரும்போதே போட்டுக்கொள்ளும் முடிவோடு வந்தாரா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கிறது. தயக்கத்துக்கான காரணங்களாக உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்ன மூன்றில் வசதிக்குறைவும் ஒன்று. அதைப் பயிற்சியாளரின் பேச்சு தீர்க்காது. அதனால் விகிதத்தைத் துறைக்கான எண்ணாக வைத்துக்கொண்டு, ஆளுக்கான மதிப்பீட்டுக்கு நேரடிக் கவனிப்பைத் தேர்ந்தோம். பெற்றோரின் அனுமதியோடு, ஒவ்வொருவரின் சில சந்திப்புகளை அறை மூலையில் உட்கார்ந்து பார்க்கிறோம். படிவம் அதேதான்.

முதலாமவரை நான் அப்படிப் பார்த்தது மூன்று மாதம் கழித்து. குழந்தையோடு வந்தவர் அப்பா. "இன்னைக்கு எம்எம்ஆர் போடுற நாள்ங்க." "இப்ப வேண்டாம் டாக்டர்." "சரி, எது யோசனையா இருக்கு, சொல்லுங்க." இந்த முறை காத்திருப்பதில் கணக்கு இல்லை, கையில் இருந்த பேனாவைக்கூட மேசையில் வைத்துவிட்டார். அப்பா வெகுநேரம் பேசினார். மூத்த குழந்தைக்கு ஊசி போட்ட ராத்திரி, மனைவியின் அழுகை, யார் மேல் யார் பழி போட்டார்கள் என்பது வரை. பயிற்சி மருத்துவர் அதைத் திருப்பிச் சொன்னார், அவருக்கு வேண்டிய மூன்று தகவலை மட்டும் கொடுத்தார், போட்டுக்கொள்வதே நல்லது என்று தெளிவாகச் சொன்னார். "வீட்டுல பேசிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு அப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஊசி போடவில்லை.

புதுப் படிவத்தில் அது பயிற்சி மருத்துவர் வாங்கியதிலேயே உயர்ந்த மதிப்பெண். தடுப்பூசிப் பதிவேட்டில் அன்று அந்தக் கட்டம் காலி. காலிக் கட்டத்தின் ஓரத்தில் அவர் பென்சிலால் எழுதியிருந்தார்: "அப்பாவிடம் பேசினேன். காய்ச்சல் ராத்திரி பயம். வியாழன் அம்மாவையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன், நானே பார்க்கிறேன்." இந்தக் குறிப்பை எங்கே சேர்ப்பது என்று படிவத்தில் இடமில்லை. அடுத்த குழுக் கூட்டத்துக்கு அந்தப் பக்கத்தின் நகலை எடுத்துவைத்திருக்கிறேன்.